பேச்சு தடம் மாறும்போது: வட்டார வரலாற்று ஆய்வுக் குழுவுக்கான பழுது நீக்கும் கையேடு

சேலத்தைச் சுற்றிக் கல்வெட்டு, நடுகல், கோயில் வரலாறு பேசும் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறோம். இத்தகைய குழுவில் கல்லூரி ஆசிரியர் இருப்பார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருப்பார், முனைவர் பட்ட மாணவி, ஞாயிற்றுக்கிழமை நடுகல் தேடிப் போகும் வங்கி ஊழியர், ஏற்காட்டு மலைக்கிராமத்து இளைஞர் என எல்லோரும் இருப்பார்கள். கண்ணில் படும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்பைத் தேடிப் படித்தால் போதும்.

எல்லாக் கோளாறுக்கும் பொதுவான முதல் சோதனை ஒன்று உண்டு. சண்டை மூண்டதும் "யார் இப்படிப் பேசியது?" என்று தேடுவது அட்மின்களின் பழக்கம். அதை ஒத்திவைத்துவிட்டு, மேலே தள்ளிப் போய் அந்தப் பேச்சைத் தொடங்கிய பதிவைப் பாருங்கள். அதில் இடம் இருக்கிறதா, சான்று இருக்கிறதா, ஒரு கேள்வி இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இல்லாத பதிவுதான் பெரும்பாலும் வசவில் போய் முடிகிறது. "தாரமங்கலம் கோயில்! நம் முன்னோர் பெருமை!" என்று ஒரு படம் வந்தால், அடுத்தவர் "யாருடைய முன்னோர்?" என்று கேட்காமல் என்ன செய்வார்? அதே படத்தை "தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், தெற்குச் சுவர். மூன்றாம் வரியில் உள்ள பெயரை எப்படிப் படிப்பது?" என்று போட்டால் பதிலும் மூன்றாம் வரியைப் பற்றித்தான் வரும். ஆளைக் கண்டிப்பதற்கு முன் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும்.

காலை வணக்கமும் ஃபார்வர்டும் குழுவை மூழ்கடிக்கின்றன

இது எளிய கோளாறு, ஆனால் விட்டுவைத்தால் அறிஞர்கள்தான் முதலில் வெளியேறுவார்கள். அதுவும் சத்தமில்லாமல். இப்போது வாட்ஸ்அப்பில் ஒருவர் விலகினால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு வரும். ஆகவே வாரம் ஒருமுறை உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள்.

வாழ்த்தைத் தடை செய்யாதீர்கள், அதற்கு வேறு இடம் கொடுங்கள். "திண்ணை" என்று இன்னொரு குழு தொடங்கி, இரண்டையும் ஒரே கம்யூனிட்டியின் (பல குழுக்களை ஒன்றாக வைக்கும் வாட்ஸ்அப் அமைப்பு) கீழ் வையுங்கள். பொங்கல் வாழ்த்து, மகன் திருமணம், ஓய்வு பெற்ற செய்தி, தேநீர்ப் பேச்சு எல்லாம் அங்கே. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி, அதாவது பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தி, ஆய்வுக் குழுவில் எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது என்று விதி வையுங்கள். அட்மின் அதை எல்லோருக்குமாக நீக்கலாம். நீக்கிய பின் போட்டவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்புவது அவசியம்: "வணக்கம் ஐயா, நீங்கள் பகிர்ந்ததைத் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள், இங்கே கல்வெட்டு மட்டும் வைத்துக்கொள்வோம்." காரணம் சொல்லாமல் நீக்கினால் அதுவே அடுத்த சண்டைக்கு வித்து.

கல்வெட்டுப் படம் போட்டால் பேச்சு சாதிக்குத் தாவுகிறது

நம் பகுதியில் அடிக்கடி வருவதும் ஆழமாகப் புண்படுத்துவதும் இதுதான். தாரமங்கலத்தில் திருப்பணி செய்த கெட்டி முதலியார்கள், ஆறகழூரிலிருந்து மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்கள், சங்ககிரிக் கோட்டையில் 1805-இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை என்று எந்தப் பெயரை எடுத்தாலும், ஒன்றுக்கு மேற்பட்டோர் உரிமை கொண்டாட வருவார்கள்.

ஏன் வருகிறது என்று பாருங்கள். கல்வெட்டில் வரும் முதலி, உடையான், நாயக்கன், காமிண்டன் போன்றவை பல இடங்களில் பதவியையோ நில உரிமையையோ அரசன் தந்த பட்டத்தையோ குறிப்பவை. அவற்றை இன்றைய சாதிச் சான்றிதழில் உள்ள பெயரோடு நேராகப் பொருத்திவிடுகிறார்கள். பொருத்துபவர் எப்போதும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வீட்டில் கேட்ட கதை, சாதிச் சங்க மலரில் படித்த கட்டுரை, இவற்றைத்தான் சான்று என்று நம்புகிறார். ஆகவே "சாதி பேசாதே" என்று ஒட்டுமொத்தமாக வாயை அடைப்பது தவறு. சாதி என்பது தமிழக வரலாற்றின் பகுதி. அதைப் பேசாமல் நிலவுடைமையையோ கோயில் உரிமையையோ வலங்கை இடங்கை என்ற பழைய சாதிப் பிரிவுகளையோ பேச முடியாது. அதைப் பேசும் முறையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்.

முதலில் குழுவை "அட்மின் மட்டும் எழுதலாம்" என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். ஒரு மணி நேரம் போதும். இரவு என்றால் காலைவரை. இது தண்டனை அல்ல, மூச்சு வாங்கும் நேரம் என்று எழுதியே பூட்டுங்கள்.

பிறகு அந்தப் பேச்சிலிருந்து ஆய்வுக்குரிய கேள்வியை மட்டும் பிரித்தெடுத்து நீங்களே மறுபடி எழுதுங்கள். "இக்கல்வெட்டில் 'முதலி' என்ற சொல் எந்த வரியில், யாருடைய பெயரோடு, என்ன கொடையோடு வருகிறது? இதே காலத்தில் இதே நாட்டுப் பிரிவில் அச்சொல் வேறு எங்கே வருகிறது?" இந்தக் கேள்வியோடு குழுவைத் திறந்துவிடுங்கள். பதில் சொல்ல விரும்புபவர், அறிக்கையில் அக்கல்வெட்டுக்குத் தந்துள்ள எண்ணோடு வர வேண்டும். எண் இல்லாத பதில் வந்தால், அதை மறுக்காமல் "எண் கிடைத்ததும் சேர்த்துப் போடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, "நாங்கள்", "உங்கள் ஆட்கள்" என்ற சொற்களைக் கவனியுங்கள். கல்வெட்டுக் காலத்து மனிதரைப் பற்றிப் பேசும்போது இவை வந்தால் பேச்சு ஆய்வை விட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். எழுதியவரிடம் திருத்தித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். அது தாண்டினால் நீக்கிவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லலாம்.

ஒரு சமூகத்தை இழிவாகப் பேசும் சொல் வந்துவிட்டால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, செய்தியை நீக்கி, எழுதியவரையும் உடனே நீக்குங்கள். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகலாம். உறுப்பினர் எழுதியதற்கெல்லாம் அட்மின் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அட்மினுக்கு அழகல்ல. புண்பட்டவருக்குத் தனியாக எழுதி, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

"இது சேலமே இல்லை!"

நாமக்கல்லைச் சேலம் என்று ஒருவர் எழுதுவார், நாமக்கல்காரர் கொதிப்பார். இரண்டு பேரும் சரியாகவே இருக்கலாம். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் பிரிந்தன. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய மாவட்டக் கெசட்டியரில் (மாவட்ட விவர நூலில்) "சேலம்" என்றால் ஓசூர்வரை போகும். அக்காலத்துக் கல்வெட்டு அறிக்கைகளும் அப்படியே.

இடம் எழுதும் முறையை ஒரே அமைப்பில் வையுங்கள்: ஊர், வட்டம், இன்றைய மாவட்டம், அறிக்கையில் உள்ள மாவட்டம். வட்டங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் அறிக்கை வெளியான ஆண்டையும் சேர்ப்பது நல்லது. இந்த ஒரு வரியைக் குழு விளக்கத்தில் ஒட்டிவிட்டால் இந்தச் சண்டை அநேகமாகத் திரும்ப வராது.

ஆண்டுக் கணக்கில் இழுபறி

ஒருவர் 1599 என்பார், இன்னொருவர் 1600 என்பார், மூன்றாமவர் அறுபது ஆண்டு தள்ளிச் சொல்வார். குரல் உயர்வதற்கு முன் மூவரிடமும் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வரும்; ஆண்டின் கடைசி மாதங்கள் ஜனவரிக்குப் பின் விழுந்தால் 79. கலியாண்டிலிருந்து 3101 கழிக்க வேண்டும். பிரபவ, விபவ என்ற ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. எழுத்தமைதியோ (எழுத்தின் வடிவமோ) மன்னன் பெயரோ துணைக்கு வராமல் முடிவு கட்டக் கூடாது. "எந்தக் கணக்கு?" என்று கேட்டாலே பெரும்பாலும் மூவரும் ஒரே விடையில் வந்து நிற்பார்கள்.

ஆளுக்கொரு வாசிப்பு, ஒருவரையொருவர் ஏளனம்

காரணம் படம். வெயில் நேராக அடிக்கும் நண்பகலில், இரண்டடி தள்ளி நின்று, அவசரமாக எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. தெரியாத இடத்தில் ஆளுக்கொன்று ஊகிப்பார்கள். ஊகத்துக்குத்தான் கௌரவம் அதிகம் ஒட்டிக்கொள்கிறது.

படத்துக்கு ஒரு தரம் வையுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுக்க வேண்டும். இருட்டான மண்டபம் என்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து எடுக்கலாம், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். முழுக் கல்லுக்கு ஒரு படம். பிறகு இடமிருந்து வலமாகப் பகுதி பகுதியாக, ஒவ்வொன்றும் முந்தியதன் கால்வாசியை மூடும்படி. ஓரத்தில் ஓர் அளவுகோல். சுண்ணாம்புப் பொடி, கோலமாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது. தேய்த்து எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாராட்ட வேண்டாம். ஒருமுறை பாராட்டினால் அடுத்த மாதம் பத்துக் கல்லில் மாவு இருக்கும்.

அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாகப் போனால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், எழுத்தின் ஓரம் கரைந்துவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதைக் காசு விலை பற்றிய பகுதியில் சொல்கிறோம்.

வாசிப்பை எழுதுவதற்கும் முறை வேண்டும். வரி எண் போட்டு எழுதுங்கள். ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். சிதைந்துபோன எழுத்துக்குப் புள்ளி. நீங்களாக நிரப்பியதைச் சதுர அடைப்புக்குள் உடுக்குறியோடு (*) காட்டுங்கள். இது அறிஞர்கள் நெடுநாளாகக் கையாளும் முறை. குழுவின் அமைதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு: ஐயத்தை அவரவரே எழுத்தில் காட்டிவிட்டால், "உங்களுக்குத் தெரியாது" என்று இன்னொருவர் சொல்ல வேண்டிய தேவையே எழாது.

மூத்தவர் சொன்னால் குழுவே மௌனம். இளையவர் மறுத்தால் "மரியாதை தெரியாதவர்"

மேலுக்கு அமைதியாகத் தெரிவதால் இதைக் கோளாறு என்றே பலர் எண்ணுவதில்லை. ஆனால் தவறான வாசிப்பு பத்தாண்டு நிலைத்துவிடுவது இந்த அமைதியால்தான். ஐயா சொல்லிவிட்டார், கைகூப்பும் படம் இருபது வரும், பேச்சு முடிந்துவிடும். மாணவி ஒருவருக்கு நான்காம் வரி வேறாகத் தெரிகிறது, அவர் எழுதமாட்டார்.

மரியாதையை எடுத்துவிட்டு இதைச் சரிசெய்ய முடியாது, அப்படிச் செய்யவும் கூடாது. ஐயா ஐயாவாகவே இருக்கட்டும். மறுப்புக்கு ஒரு வடிவத்தைக் கொடுங்கள். அந்த வடிவத்தில் வந்தால் அது அவமதிப்பு ஆகாது என்று எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளட்டும். இப்படி: "ஐயா, நான்காம் வரி ஏழாம் எழுத்தை நீங்கள் 'ன' என்று படித்திருக்கிறீர்கள். இரண்டாம் படத்தில் அது 'ள' போலத் தெரிகிறது. ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்." இதில் வரி, எழுத்து, படம் மூன்றும் இருக்கின்றன, ஆளைப் பற்றி எதுவும் இல்லை. இந்த வடிவத்தைக் குழுவின் மேற்பகுதியில் பின் (pin) செய்து வையுங்கள். ஒரே நேரத்தில் மூன்று செய்திகளைப் பின் செய்யலாம், நீண்ட கால அளவு 30 நாள். மாதம் பிறந்ததும் மறுபடி பின் செய்ய வேண்டும்.

மூத்தவர்களிடம் முன்பே பேசிவைப்பது இன்னும் பலன் தரும். போனில் பேசுங்கள், எழுத்தில் வேண்டாம். "ஐயா, பிள்ளைகள் உங்களிடம் கேட்கத் தயங்குகிறார்கள். நீங்களே ஒரு வாசிப்பைப் போட்டு, இதில் எனக்கு இரண்டு இடத்தில் ஐயம் என்று எழுதினால் அவர்களுக்குத் தைரியம் வரும்." பெரும்பாலான மூத்த அறிஞர்கள் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள், அவர்கள் காலமெல்லாம் வகுப்பறையில் செய்ததுதான் இது.

புதிய வாசிப்புக்கு முதல் 12 மணி நேரம் பாராட்டுக் குறியீடு போடக் கூடாது என்ற விதியையும் வைத்துப் பாருங்கள். பாராட்டு வரிசைகட்டி நின்றபின் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. எதிர்ப்பக்கமும் உண்டு: "இது கூடத் தெரியாதா" என்று இளையவர் எழுதினால், வாசிப்பு சரியாகவே இருந்தாலும் அந்தச் செய்தியை நீக்கி, முறைப்படி திரும்ப எழுதச் சொல்லுங்கள். சரியான வாசிப்பு என்பதற்காகத் தொனியை விட்டுவிடாதீர்கள்.

வழிபாட்டில் உள்ள சிலை பற்றிய பேச்சு மதச் சண்டையாகிறது

சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் கோயில் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது புத்தர் சிலை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. தொல்லியல் துறை அளித்த அறிக்கை அதற்கு அடிப்படை: தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காதுமடல். இந்தச் செய்தி குழுவுக்குள் வந்தால் ஒரே நேரத்தில் மூன்று பேச்சு நடக்கும். சிற்ப இலக்கணப்படி இது யார் என்பது ஒன்று. சட்டப்படி யார் பொறுப்பு என்பது இன்னொன்று. அங்கே தலைமுறையாகக் கும்பிட்டவருக்கு அது யார் என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமான கேள்விகள், ஆனால் ஒன்றுக்குத் தரும் விடையால் மற்றொன்றை அடிக்கிறார்கள்.

அட்மின் செய்ய வேண்டியது மூன்றையும் பிரிப்பது. "இன்றும் நாளையும் சிற்ப இலக்கணம் மட்டும். சட்டம் வியாழன். வழிபாட்டு வழக்கம் வெள்ளி" என்று நாள் ஒதுக்குங்கள். டெலிகிராமில் குழு நடத்தினால் தலைப்பு வாரியாகத் தனித்தனி அறையே பிரிக்கலாம், அது இன்னும் எளிது. சிற்ப இலக்கணம் பேசுபவர் "மூடநம்பிக்கை" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டியதில்லை. வழக்கம் பேசுபவர் "எங்கள் சாமியைத் திருடுகிறார்கள்" என்று எழுத வேண்டியதில்லை. தியாகனூர்ப் புத்தர் சிலைகள் பற்றிய பேச்சுக்கும் இதே முறை பொருந்தும்.

மலை மக்களைப் பற்றிய பேச்சின் தொனி

சேர்வராயன் மலையில் (ஏற்காட்டு மலை) வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. கேரளத்தோடு குழப்பும் கேள்வி மாதம் ஒருமுறையாவது வரும். அதற்கு ஒரு நிலைக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு ஒட்டிவிடலாம். கோளாறு அங்கே இல்லை. நாகலூர், செம்மடு போன்ற மலைக்கிராமங்களிலிருந்து வந்த உறுப்பினர்கள் குழுவில் இருக்கும்போதே, "அவர்கள் அப்பாவிகள்", "அவர்களிடம் எழுத்து கிடையாது" என்று அவர்களைப் பற்றி மூன்றாம் மனிதராகப் பேசுவதுதான் கோளாறு.

கவனிக்க வேண்டியவை பல. ஆங்கிலேயர் கால ஆவணங்களில் உள்ள இழிவான வருணனையை மேற்கோளாகவே தர வேண்டும், ஆண்டையும் எழுதியவர் யார் என்பதையும் சேர்த்து. எழுதுபவரின் சொந்த வாக்கியத்தில் அது கலக்கக் கூடாது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தவர், 1912-இல் மறைந்தவர். இம்மலையின் புதிய கற்காலக் கோடரிகளைப் பற்றிய பேச்சு அவரில் தொடங்குவது இயல்பு. ஆனால் அந்தக் கற்கோடரிகளைக் கோயிலில் வைத்துக் காத்துவரும் ஊர்க்காரர் சொல்வதும் சான்றுதான். "கண்டுபிடித்தோம்" என்று எழுதாமல் "ஊர் மக்கள் காட்டினார்கள்" என்று எழுதச் சொல்லுங்கள். கோயிலில் உள்ள கல்லை எடுத்து அளக்க வேண்டும் என்றால் ஊர்ப் பெரியவரின் ஒப்புதல் இருந்ததா என்று கேட்ட பிறகே படத்தைக் குழுவில் அனுமதியுங்கள். சேர்வராயன் குகைக்கோயில் உள்ளே எடுத்த படமும் அப்படியே. கதை சொன்னவரின் பெயரையும் முகத்தையும் அவர் சம்மதிக்காமல் போடக் கூடாது.

இன்னொன்று, நேரம். சிக்னல் மட்டாக உள்ள மலைக்கிராமத்திலிருந்து பதில் வர ஒருநாள் ஆகும். அதற்குள் நகரத்தில் இருப்பவர்கள் நூறு செய்தி எழுதி முடிவும் கட்டிவிடுவார்கள். மலையைப் பற்றிய எந்தப் பேச்சையும் 48 மணி நேரத்துக்கு முன் முடிக்கக் கூடாது என்று வையுங்கள். எழுதச் சிரமப்படுபவருக்குக் குரல் பதிவு அனுமதி உண்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் அதை எழுத்தாக்கித் தர வேண்டும்.

"இந்தக் காசு என்ன விலை போகும் சார்?"

உடனே நிறுத்துங்கள், இரண்டாம் பேச்சு கிடையாது. 100 ஆண்டு பழமையான சிலையும் காசும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. மண்ணில் புதைந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். விலை கேட்பவருக்கு அட்மின் ஒரே பதிலைத் தரலாம்: "விலை இங்கே பேசுவதில்லை. மண்ணில் கிடைத்தது என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் அளவும் எடையும் சேர்த்துப் படம் போடுங்கள்."

மேலே சொன்ன சிக்கல் இங்கேதான். ஆவணமாக அனுப்பும் படத்தில், எடுத்த இடத்தின் குறியீடு உள்ளேயே தங்கியிருக்கும். சுவர்க் கல்வெட்டுக்கு அதனால் கேடில்லை. காட்டோரம் தனியாக நிற்கும் நடுகல், முதுமக்கள் தாழி, தளர்ந்து கிடக்கும் சிலை என்றால் திருடனுக்கு வழிகாட்டியது போல் ஆகும். இவற்றுக்குக் கேமராவில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். குழுவில் வட்டம் வரைக்கும் சொன்னால் போதும். துல்லியமான இடம் அட்மின் ஒருவரிடமும் தொல்லியல் துறையிடமும் மட்டும்.

"நான்தான் முதலில் கண்டேன்"

குழுவில் ஒருவர் போட்ட படம், மறுவாரம் இன்னொருவர் பெயரில் நாளிதழில் வந்துவிடும். நல்ல குழுக்கள் பல இதில்தான் உடைகின்றன, பேசித் தீர்ப்பதும் கடினம். ஆகவே முன்கூட்டியே பதிவேடு வையுங்கள். ஒரு கூகுள் தாளில் நாள், இடம், படம் எடுத்தவர், இடம் காட்டிய ஊர்க்காரர், முதலில் படித்தவர், திருத்தியவர் என்று ஆறு கட்டம். குழுவில் வரும் எதையும் பதிவேட்டில் உள்ள எல்லோரின் சம்மதமும் இல்லாமல் செய்தியாகவோ கட்டுரையாகவோ தரக் கூடாது என்பதைச் சேரும்போதே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அதற்காகவே புதியவர் சேர அட்மின் ஒப்புதல் தேவை என்ற அமைப்பை இயக்கி வையுங்கள்.

சண்டை வந்துவிட்டால் முதலில் வேறொன்றைப் பாருங்கள்: அது உண்மையில் புதியதா? 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளிலும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் மாநிலத் தொல்லியல் துறை வெளியீடுகளிலும் தேடுங்கள். இன்றைய மாவட்டப் பெயரில் தேடி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், பழைய சேலம் மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். ஊர்ப் பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். "புதிய கண்டுபிடிப்பு" என்று மோதிக்கொண்ட இருவருக்கும் நூறாண்டு முன்பே யாரோ எண் போட்டு வைத்திருப்பது உண்டு.

பெண் உறுப்பினர்கள் எழுதுவதே இல்லை

குழுவில் சேர்ந்ததும் கைபேசி எண் எல்லோருக்கும் தெரிகிறது. இரவில் தனிச்செய்தி வருகிறது. அவர்கள் ஒதுங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், வெளியில் சொல்லமாட்டார்கள். பெண் அட்மின் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆய்வு தொடர்பாகக்கூட, குழுவில் கேட்டு ஒப்புதல் பெறாமல் யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது; ஒருமுறை மீறினாலே நீக்கம். எண்ணை மறைக்க வேண்டும் என்றால் டெலிகிராம் பொருத்தமானது. கட்டுரையைப் பற்றிப் பேசாமல் முகப்புப் படத்தைப் பற்றிப் பேசும் செய்தி எதுவும் ஐந்து நிமிடம்கூட இருக்கக் கூடாது.

இரண்டே பேர் இரவெல்லாம் எழுதுகிறார்கள்

டெலிகிராமில் மெதுமுறை உண்டு, ஒருவர் ஒரு செய்திக்குப் பின் ஒரு மணி நேரம்வரை காத்திருக்கும்படி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் அட்மின்தான் இரவு 10 மணிக்குப் பூட்டிக் காலை 6 மணிக்குத் திறக்க வேண்டும். இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, அவரவர் வாதத்தை 300 சொல்லில் ஒரே பதிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தால் வாதம் பாதியாகச் சுருங்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, ஒரு வாரம் மற்றவர்கள் மட்டும் பேசட்டும்.

யாரை, எப்போது, எப்படி நீக்குவது

இழிசொல்லுக்கும் தனிச்செய்தித் தொல்லைக்கும் உடனடி நீக்கம். மற்றவற்றுக்கு முதலில் தனிச்செய்தி, எந்தச் செய்தி, எந்த விதி என்று குறிப்பிட்டு. இரண்டாம் முறை போன். மூன்றாம் முறை 30 நாள் விலக்கு, திரும்பும் நாளையும் சொல்லியே. மூன்று அட்மின்களில் இருவர் சம்மதித்தால்தான் விலக்கு. ஒருவர் தனியாகச் செய்தால் அது கோபம் என்றே பார்க்கப்படும். குழுவில் "விதி 4-இன்படி ஒருவர் 30 நாள் விலக்கப்பட்டுள்ளார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி யார் பேசினாலும், நண்பராக இருந்தாலும், அதை நீக்குங்கள். அவர் போட்ட வாசிப்புகளையும் படங்களையும் பதிவேட்டில் அவர் பெயரிலேயே விட்டுவையுங்கள்.

நீக்கியபின் அழைப்பு இணைப்பை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பழைய இணைப்பு வழியே திரும்ப வர முயல்வார். மாதக் கடைசியில் உரையாடலை ஏற்றுமதி செய்து, படங்களோடு இரண்டு அட்மின்களின் கணினியில் வையுங்கள். அதிலிருந்து அந்த மாதம் முடிவான வாசிப்புகளை மட்டும் தொகுத்து, எண்ணோடும் படித்தவர் பெயரோடும் ஒரு பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போடுங்கள்.